வலிக்காமல் உடையும் முதுகெலும்பு

அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டை நெடுநாள் எடுக்கும் பிள்ளைக்கு எலும்பு உடைந்தால் அது கையாகவோ காலாகவோ இருக்கும் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். விழுவான், அலறுவான், வீங்கும், எக்ஸ்-ரே எடுப்போம், மாவுக்கட்டு போடுவோம். ஆனால் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் முதுகு. சுமை ஏற்றிய அட்டைப்பெட்டி ஒரு பக்கம் அமுங்குவதுபோல ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக அமுங்கிப்போகும். விழுந்திருக்கவே வேண்டாம். பள்ளிப்பையைத் தூக்கியதில், பேருந்து குலுங்கியதில், தும்மியதில்கூட அது நடக்கலாம். வீக்கம் இருக்காது. பல பிள்ளைகளுக்கு வலியும் இருக்காது.

கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, ஸ்டீராய்டு தொடங்கும் பிள்ளைகளின் முதுகைப் படம் எடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். மூட்டழற்சி, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோயுள்ளவர்களில் 7 விழுக்காட்டினருக்கு, ஸ்டீராய்டு தொடங்கி 30 நாள்கூட ஆகாத நிலையில் முள்ளெலும்பு முறிவு இருந்தது. ரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளில் அது 16 விழுக்காடு. இந்த முடிவுகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளியாயின. தொடர்ந்து பார்த்தபோது புதிய முறிவுகள் அதிகம் வந்தது முதல் 12 மாதத்தில். முறிவு இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதுகு வலிக்கிறது என்று சொல்லவே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். பிள்ளை வலி என்று சொல்லட்டும், அப்போது பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அளந்து பார்க்க வேண்டும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஸ்டீராய்டைப் பார்த்துப் பயந்து நாமாகவே அதைக் குறைப்பதால் எலும்பு பிழைப்பதில்லை.

ஏன் முதுகு முதலில்?

எலும்பு நாள்தோறும் கொஞ்சம் இடிகிறது, நாள்தோறும் கொஞ்சம் கட்டப்படுகிறது. இடிக்க ஒருவகை உயிரணு, கட்ட இன்னொரு வகை. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் மாதங்களில் இடிக்கும் வேலை வேகமெடுக்கும். அது பிறகு தணிந்தாலும், கட்டும் உயிரணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவையும் சோர்ந்துவிடும். முள்ளெலும்பின் உள்ளே இருப்பது பஞ்சுபோல வலைப்பின்னலான எலும்பு. அதன் பரப்பு அதிகம் என்பதால் இடிப்பும் கட்டுமானமும் அங்கேதான் வேகமாக நடக்கின்றன, அடியும் அங்கேதான் முதலில் விழுகிறது. கை கால் எலும்பின் கெட்டியான வெளிச்சுவர் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளும்.

சேதம் எலும்போடு நிற்பதில்லை. குடல் கால்சியத்தை ஈர்ப்பது குறைகிறது, சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது, வளர்ச்சி ஹார்மோனின் வேலை மங்குகிறது, பூப்பெய்துவது தள்ளிப்போகலாம். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் மெலிகின்றன. தசை இழுக்கும் இழுப்பில்தான் எலும்பு உரமேறும் என்பதால் இந்த இழப்பு பெரியது. பலவீனமான தொடை என்றால் தடுக்கி விழுவதும் அதிகம்.

இத்தனைக்கும் மேலே, ஸ்டீராய்டு எதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்த நோயே எலும்பைத் தின்னும். அடங்காத அழற்சி, படுத்தே கிடப்பது, பசியின்மை எல்லாமே எலும்புக்குப் பகை. “அந்த மாத்திரை எலும்பை அரிச்சிடுமாம், பாதியா கொடு” என்று வீட்டில் மூத்தவர் யாராவது சொன்னால், அவருக்கு விளக்க வேண்டியது இதுதான்: பாதி கொடுத்து நோய் திரும்ப வந்தால், மறுபடி முழு அளவில் வாரக்கணக்கில் தொடங்க நேரும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பிள்ளை விழுங்கிய மொத்த மில்லிகிராம் கூடித்தான் இருக்கும்.

எவ்வளவு எடுத்தால் கணக்கு?

சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ரோடிக் நோய், சிறார் மூட்டழற்சி, லூபஸ், குரோன் எனும் குடல் நோய், டூஷேன் தசைத் தேய்வு, உறுப்பு மாற்றம், ரத்தப் புற்றுநோய். நெடுநாள் ஸ்டீராய்டு வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இவர்கள்தான். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 4 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் பிரட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு அல்லது அதற்கு மேல், 3 மாதமோ அதற்கு மேலோ. அந்த அளவு தொடரும்போது எலும்பு பலமிழந்து முறிந்தால் எலும்புக்கென்றே தனி மருந்து தர வேண்டும் என்கிறது.

0.1 என்றதும் சின்ன எண் என்று தோன்றும், அது உண்மையிலேயே சின்ன எண்தான். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 2.5 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள் 5 மில்லிகிராம் எடுத்தாலும் சராசரி அதேதான். “இப்போ ரொம்பக் கம்மியாத்தான் கொடுக்கிறோம்” என்று சொல்லும் பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கின்றன.

மருந்தின் பெயர் மாறும்போது எண்ணும் மாறும். 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம் 6 மில்லிகிராம் டெஃப்லாசாகார்ட், 4 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், வெறும் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். சிரப்பாக வாங்குபவர்கள் பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தே ஆகவேண்டும். பழைய பாட்டிலில் ஊற்றிய அதே 5 மில்லிலிட்டர், புதிய பாட்டிலில் வேறு அளவாக இருக்கலாம்.

விட்டு விட்டு எடுப்பதற்கும் கணக்கு உண்டு. ஆஸ்துமாவுக்கு ஆண்டுக்குப் பலமுறை பாலிகிளினிக்கிலோ அக்கம்பக்கத்து கிளினிக்கிலோ 3 நாள், 5 நாள் என்று மாத்திரை வாங்கும் பிள்ளைகளை யாரும் ஸ்டீராய்டு பிள்ளைகள் என்று நினைப்பதில்லை. பிரிட்டனில் 2003இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாய்வழி ஸ்டீராய்டு 4 முறையோ அதற்கு மேலோ எடுத்த பிள்ளைகளுக்கு எலும்பு முறிவு 32 விழுக்காடு அதிகம் இருந்தது. நிறுத்திய பிள்ளைகளுக்கு அந்த அபாயம் மற்றவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

இன்ஹேலர் வேறு கதை. உறிஞ்சும் ஸ்டீராய்டு நேரே நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம். அதற்கும் விலை உண்டு: புடெசொனைடை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிய பிள்ளைகள் பெரியவர்களானபோது, உறிஞ்சாதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள் என்று 2012இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டருக்குப் பயந்து தினசரி இன்ஹேலரை நிறுத்தும் வீட்டில், மூச்சிரைப்பு வந்து வாய்வழி மாத்திரை ஏறிக்கொண்டே போகிறது. எலும்புக்குப் பயந்து எலும்புக்கு அதிகக் கேடு தரும் மருந்தைத் தேடிப்போவதாகத்தான் இது முடியும். எனக்கு இதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

மறைந்து வரும் ஸ்டீராய்டும் உண்டு. “மூலிகை மட்டும்தான்” என்று சொல்லி விற்கும் வலி மாத்திரை, தோல் களிம்பு சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்றவை கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எல்லையைத் தாண்டிப் போய் வாங்கியதோ, இணையத்தில் வாங்கியதோ, உறவினர் ஊரிலிருந்து கொண்டுவந்ததோ, பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் உறையோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதைக் கேட்டு வாங்குவது?

ஸ்டீராய்டு மூன்று மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்த நாளிலேயே முதுகின் பக்கவாட்டு எக்ஸ்-ரே பற்றிக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒன்று, பன்னிரண்டாம் மாதத்தில் இன்னொன்று என்பது பல குழந்தைகள் எலும்பு மருத்துவர்கள் பின்பற்றும் முறை. டூஷேன் பிள்ளைகளுக்கு 1 அல்லது 2 ஆண்டுக்கொருமுறை. முன்பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில் அமுங்கல் சரியாகத் தெரியாது, பக்கவாட்டில்தான் தெரியும். படத்தைப் பார்ப்பவர் ஒவ்வொரு முள்ளெலும்பின் முன் உயரத்தையும் பின் உயரத்தையும் ஒப்பிடுவார். 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அது முறிவு. 25 வரை லேசானது, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. லேசானதுதானே என்று விட்டுவிடக்கூடாது. லேசான ஒரு முறிவு இருக்கும் பிள்ளைக்கு அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம்.

டெக்ஸா ஸ்கேன் எலும்பு அடர்த்தியை அளக்கும். சில நிமிட வேலை, கதிரியக்கம் மிகக் குறைவு. ஆனால் அதன் அறிக்கையைப் படிப்பதில்தான் தவறு நடக்கிறது. டி மதிப்பெண் என்று அச்சாகியிருந்தால் அதைப் பிள்ளைக்குப் பார்க்கவே கூடாது, அது 30 வயதுப் பெரியவரோடு ஒப்பிடுவது. பார்க்க வேண்டியது இசட் மதிப்பெண். அதே வயது, அதே பாலினப் பிள்ளைகளோடு ஒப்பிடும் எண் அது. ஸ்டீராய்டால் குட்டையாக இருக்கும் பிள்ளையின் எலும்பும் சிறியது. ஸ்கேன் தட்டையான நிழலைத்தான் அளக்கிறது என்பதால், அடர்த்தி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். “உயரத்துக்குச் சரிசெய்த எண்ணா இது, டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டிய கேள்வி இல்லை.

அந்த எண் ஒன்றை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு எலும்புத் தேய்மானம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய அடி எதுவும் படாமல் முள்ளெலும்பு அமுங்கியிருந்தால், ஸ்கேன் எண் என்னவாக இருந்தாலும் அது எலும்புத் தேய்மானம்தான். முதுகில் முறிவு இல்லையென்றால், இசட் மதிப்பெண் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருப்பதோடு 10 வயதுக்குள் நீளெலும்பு 2 முறையோ, 19 வயதுக்குள் 3 முறையோ முறிந்திருக்க வேண்டும். அனைத்துலக வரையறை இதுதான்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது உயரம் அளப்பது. மூன்று மாதத்துக்கொருமுறை போதும், ஆனால் ஒழுங்காக அளக்க வேண்டும். காலையில் எழுந்த சற்று நேரத்தில் அளங்கள். மாலைக்குள் முதுகின் தட்டுகள் அழுந்தி ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைந்துபோகும். பிள்ளை வெறுங்காலோடு, கீழே பலகை விளிம்பு ஒட்டாத சுவரில், குதிகால், பிட்டம், தோள் மூன்றும் தொட நிற்கட்டும். கொண்டையையும் உச்சியில் கட்டிய ஜடையையும் அவிழ்த்துவிடுங்கள். பார்வை நேராக, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத்துளையும் ஒரே மட்டத்தில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டி இறக்கித் தலையில் படியவைத்து, புத்தகத்தின் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் கண் அந்தக் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளையை விலக்கி, தரையிலிருந்து இரும்பு டேப்பால் அளங்கள். மூன்று முறை செய்து நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். பூப்பெய்துமுன் பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். ஸ்டீராய்டு காலத்தில் வளர்ச்சி மெதுவாவதும் நின்றுபோவதும் உண்டு, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உயரம் குறைந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், கிளினிக்கை அழைத்து எக்ஸ்-ரே கேளுங்கள்.

சிறு பிள்ளைகள் “முதுகு வலிக்குது” என்று சொல்வது அரிது. வயிறு வலிக்கிறது என்பார்கள், ஏனென்றால் அமுங்கிய முள்ளெலும்பின் வலி நரம்பு வழியே விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வரும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் சிணுங்குவார்கள். தரையில் கிடக்கும் பொம்மையை எடுக்கக் குனியாமல் முழங்காலை மடக்கி இறங்குவார்கள். பள்ளிப்பையைத் தூக்க மறுப்பார்கள். இவற்றைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ அது அவசரம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையோ, அருகில் எதுவோ அங்கே சிறார் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒருநாள் சாப்பாட்டில் கால்சியம்

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுக்கு ஒரு நாளைக்கு 700 மில்லிகிராம், 10 முதல் 18 வயதுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளுக்கு 1,000 என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள். அதை இங்குள்ள சமையலறையில் எப்படி எட்டுவது?

காலையில் 250 மில்லிலிட்டர் பால், ஏறத்தாழ 300. தேக்காவில் வாங்கிய கேழ்வரகு மாவு 40 கிராமில் தோசையோ கூழோ, சுமார் 140. மதியம் தயிர்ச்சாதத்தில் 150 கிராம் தயிர், 180. இரவு சை சிம் கீரை வதக்கியது 100 கிராம், சுமார் 100. டவ் குவா எனும் கெட்டியான டோஃபு ஒரு துண்டு, அதை உறையவைக்கக் கால்சியம் உப்பு சேர்த்திருந்தால் 150 அல்லது அதற்கு மேல். இதுவே 870. சோறு, பருப்பு, முட்டை, பழத்தில் வரும் சில்லறையைச் சேர்த்தால் ஆயிரத்தை நெருங்கிவிடும், மாத்திரை தேவைப்படாது. சாப்பாட்டில் எட்டவில்லை என்றால் மட்டும் மாத்திரை என்பதே என் கருத்து. தேவைக்கு மேல் கொட்டிய கால்சியம் சிறுநீரகக் கல்லாக முடியலாம்.

பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சோயா பால் கொடுப்பவர்கள் கடைத்தொகுதியில் பிளாஸ்டிக் பையில் கட்டித்தரும் சோயாவை நம்பிவிடுகிறார்கள். அதில் கால்சியம் மிகக் கொஞ்சம். கால்சியம் சேர்த்தது என்று லேபிளில் எழுதியிருக்கும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும், ஊற்றுமுன் நன்றாகக் குலுக்கவும் வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். பசலைக்கீரையில் கால்சியம் நிறைய என்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேர்வது 5 விழுக்காடு அளவே. பாலில் அது 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சை சிம், காய் லான் போன்றவை இந்த விஷயத்தில் பசலையைவிட எவ்வளவோ மேல்.

இக்கான் பிலிஸ் எனும் காய்ந்த நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் உண்டு, கூடவே உப்பும் உண்டு. உப்பு கூடக்கூடச் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறும். ஸ்டீராய்டு ஏற்கெனவே உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். ஊறவைத்துக் கழுவி, கொஞ்சமாகச் சேருங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, உடனடி நூடுல்ஸின் மசாலாப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் இதே நியாயம். நெஃப்ரோடிக் பிள்ளைகளுக்கு உப்பு ஏன் கூடாது என்று தாதி சொல்லியிருப்பார். அதில் எலும்புக்கும் ஒரு பங்கு உண்டு.

மாத்திரை தேவைப்பட்டால் கவனிக்க வேண்டியவை சில. கால்சியம் கார்பனேட்டில் 40 விழுக்காடுதான் கால்சியம். லேபிளில் 1,250 மில்லிகிராம் கார்பனேட் என்றிருந்தால் கிடைப்பது 500. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், அதற்கு வயிற்று அமிலம் வேண்டும். வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் வகை மருந்தும் எடுக்கும் பிள்ளைக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தமானதா என்று கேட்டுப்பாருங்கள். ஒரே வேளையில் 500க்கு மேல் கொடுத்தால் குடல் ஏற்காது, பிரித்துக் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, அவர்களுடைய சிறுநீரக மருத்துவர் சொல்வதே கணக்கு.

விட்டமின் டி பற்றி இங்கே எல்லாரும் சொல்வது, “சிங்கப்பூரில் வெயிலுக்கா பஞ்சம்?” என்பது. பூமத்திய ரேகைக்கு 1 பாகைதான் வடக்கே இருக்கிறோம். ஆனால் பிள்ளை காலை இருட்டில் பள்ளிக்குப் போய், வகுப்பு, துணைப்பாடம், கூரைபோட்ட நடைபாதை என்று நிழலிலேயே இருந்துவிட்டு மாலையில் வீவக வீட்டுக்குள் வருகிறது. நம்முடைய கருத்த தோலுக்கு அதே அளவு விட்டமினைத் தயாரிக்க வெள்ளைத் தோலைவிட நீண்ட நேர வெயில் வேண்டும். லூபஸ் பிள்ளைகள் வெயிலில் நிற்கவே கூடாது, நோய் கிளம்பும். நெஃப்ரோடிக் பிள்ளைகளுக்கோ விட்டமின் டியைச் சுமக்கும் புரதமே சிறுநீரில் போய்விடுகிறது. ஆக, ரத்தத்தில் அளந்து பார்ப்பதுதான் வழி. அறிக்கையில் அலகைப் பாருங்கள்: மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே, 2.5ஆல் பெருக்கினால் ஒன்று இன்னொன்றாகும். அதற்குக் கீழே போகக்கூடாது. நாள் அளவு வழக்கமாக 600 யூனிட், குறைபாடு இருந்தால் மருத்துவர் கூட்டுவார். சொட்டு மருந்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு தயாரிப்பில் 1 மில்லிலிட்டரில் 400 யூனிட், இன்னொன்றில் ஒரே சொட்டில் 400. பாட்டில் மாறி, அளவு மாறாமல் போனால் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

இதையெல்லாம் சொன்னபிறகு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். கால்சியமும் விட்டமின் டியும் மட்டும் ஸ்டீராய்டின் சேதத்தைத் தடுத்துவிடாது. அவை செங்கல், கொத்தனார் அல்ல. “தினமும் பால் கொடுக்கிறோமே” என்ற நிம்மதியில் எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

அசைவு

எலும்பைக் கட்டச் சொல்லி உத்தரவு போடுவது எடை தாங்கும் அசைவு. நடை, படியேறுதல், முறிவு இல்லாத பிள்ளைக்கு ஓட்டமும் கயிறு தாண்டுதலும். நீச்சல் தசைக்கும் மூட்டுக்கும் நல்லது, ஆனால் தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அது போதாது. பயந்துபோய் உடற்கல்வி வகுப்பிலிருந்து முழுதாக விலக்கு வாங்கிப் பிள்ளையை ஓரத்தில் உட்காரவைப்பது எலும்புக்குத் தண்டனை.

முதுகில் முறிவு இருந்தால் எதை விலக்குவது என்று குறிப்பாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளிகளில் நடக்கும் நாஃபா உடற்தகுதிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்து எழ முடியும் என்று ஒரு பகுதி, உட்கார்ந்து கையை எவ்வளவு தூரம் முன்னே நீட்ட முடியும் என்று இன்னொன்று. இரண்டும் முதுகை முன்னால் வளைப்பவை, அதாவது ஏற்கெனவே அமுங்கிய முன்பக்கத்தின்மேலேயே சுமை ஏற்றுபவை. நின்ற இடத்திலிருந்து தாண்டுவதில் தரையிறங்கும் அதிர்ச்சி முதுகுக்கு ஏறுகிறது. ஓட்டமும் நடையும் பலருக்கு ஆகும். பிசியோதெரபிஸ்ட்டிடம் இந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எது ஆகும், எது ஆகாது என்று கேட்டால், உடற்கல்வி ஆசிரியருக்குக் கொடுக்கப் பயனுள்ள கடிதம் கிடைக்கும். “விளையாட்டிலிருந்து விலக்கு அளிக்கவும்” என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை.

முதுகை உருவுவது, சுளுக்கெடுப்பது, நெட்டி முறிப்பது வேண்டவே வேண்டாம். அன்போடு செய்தாலும் மெலிந்த எலும்பில் அது முறிவாகும். குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்புப் போடுங்கள்.

இடுப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டீராய்டால் தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பு செத்துப்போகலாம். பிள்ளை நொண்டும், அல்லது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும். முழங்காலைப் படம் எடுத்தால் ஒன்றும் இருக்காது, பிரச்சினை இடுப்பில் இருக்கும். தொடக்கத்தில் இடுப்பின் எக்ஸ்-ரேயும் சாதாரணமாகவே தெரியும், எம்ஆர்ஐதான் காட்டும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை இரண்டு வாரமாக நொண்டினால் “இடுப்பைப் பார்த்தீர்களா?” என்று நீங்களே கேளுங்கள்.

டூஷேன் பிள்ளைக்குக் கால் எலும்பு முறிந்த ஓரிரு நாளில் மூச்சு வாங்கினாலோ குழம்பிப் பேசினாலோ, அது எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்ததாக இருக்கலாம். உடனே 995.

முறிவு இருந்தால் சிகிச்சை

மருந்து இருக்கிறது. ஸோலெட்ரோனிக் அமிலம் அல்லது பாமிட்ரோனேட், சில மாதத்துக்கொருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். எலும்பை இடிக்கும் உயிரணுக்களை அது அடக்கும். முறிவு இல்லாத எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுப்பதில்லை, ஏனென்றால் எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும் மருந்து அது. பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலக் கர்ப்பத்தையும் மருத்துவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

ஏற்றுமுன் கால்சியம், விட்டமின் டி, சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாக இருக்க வேண்டும். விட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தக் கால்சியம் சட்டென்று விழும். உதடு, விரல்நுனி சுருக்கென்று குத்தும், கை இழுத்துக்கொள்ளும், வலிப்புகூட வரலாம். பல் மருத்துவரையும் முன்பே பார்த்துவிடுங்கள், பல் பிடுங்குவது இருந்தால் அது முதலில் முடியட்டும்.

முதல் முறை ஏற்றிய பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வருவது வழக்கம். பாராசிட்டமால் போதும். ஆனால் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நாளில் இன்னொரு கவனம் வேண்டும். வாரக்கணக்கில் மாத்திரை எடுத்ததால் அதன் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். காய்ச்சல், அறுவை, விபத்து எதிலும் உடம்பு தானாகக் கூடுதல் ஸ்டீராய்டைச் சுரக்க முடியாது, நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று ஏற்றும் நாளுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, பிள்ளை துவண்டு தூங்கி வழிகிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் “இவன் நெடுநாளாக ஸ்டீராய்டு எடுக்கிறான்” என்பது. பள்ளிப்பையில் ஓர் அட்டையிலும் அது எழுதியிருக்கட்டும்: மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து, நோய்நாளில் எவ்வளவு.

அமுங்கிய முள்ளெலும்பு வளரும் பிள்ளைக்குத் திரும்ப நிமிரக்கூடும். பெரியவர்களுக்கு இல்லாத சலுகை இது. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது பெரும்பாலானோரின் முள்ளெலும்புகள் சில ஆண்டுகளில் பழைய வடிவத்துக்கு வந்திருந்தன. வராமல் நின்றவர்கள் பெரும்பாலும் முறிவின்போதே வயதில் மூத்தவர்கள், வளர இன்னும் கொஞ்ச காலமே மிச்சம் இருந்தவர்கள். ஏழு வயதில் கண்டுபிடித்த முறிவும் பதினான்கு வயதில் கண்டுபிடித்த முறிவும் இதனால்தான் ஒன்றல்ல. டூஷேன் பிள்ளைகளில் ஸ்டீராய்டு நிற்பதில்லை, தசையும் திரும்புவதில்லை என்பதால் தானாக நிமிர்வதை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்குச் சிகிச்சையைத் தொடங்கத் தாமதிக்கவே கூடாது.

மருந்து ஏற்றத் தொடங்கி ஓராண்டு கழித்து முழங்காலை எக்ஸ்-ரே எடுத்தால், வளரும் நுனிக்கு அருகே எலும்பில் வெள்ளைக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். பயந்துவிடாதீர்கள், அவை முறிவு அல்ல. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றியபோதும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, அந்த மாதங்களில் பிள்ளை வளர்ந்த வளர்த்தி.